கரி படாத கோட்

"பாஸ், இந்தக் கப்பலுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தெட்டு."

"உங்களுக்கு?"

"ஐம்பத்திமூணு."

"ரெண்டு பேருல யாரு முதல்ல மூழ்குவீங்கன்னு பந்தயமே கட்ட முடியாது போலிருக்கே!"

லியோகாதியோ உருத்தியா சிரிக்கவில்லை. துறைமேடைப் பலகைகளின் இடுக்கு வழியே கறுப்பாகத் தெரிந்த தண்ணீரைப் பார்க்கப் பயந்து, எதிரே நின்ற ‘தொரோதேயா’ நீராவிக் கப்பலின் நெட்டைப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் ரயில்வேயில் இன்ஸ்பெக்டர். அதை விட்டபிறகு ஓசோர்னோ நகரத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம். கொலைகாரர்களுக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்தவர். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. நீச்சல் தெரியாது.

சுனில்டா அவருடைய உதவியாளர். வல்பராய்சோ நகரத்தில் ஆறு வருஷம் டிராம் கண்டக்டராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவனை அவன் நிற்கிற தோரணையிலேயே கண்டுபிடிப்பாள். வாயை மூடி வைத்துக்கொள்வது மட்டும் அவளால் ஆகாத காரியம்.

1954, மார்ச் கடைசி. ஏரித்துறை ஊரான புவெர்த்தோ அராயானில் கோடை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. ஏரிக்கரை ஹோட்டல்களில் பாதி, ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக் குளிர்காலத்துக்குத் தயாராகிவிட்டன. எரிமலை மேகத்துக்குள் போய் நான்கு நாளாகிறது. மலைப்பக்கமிருந்து புவெல்சே காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் கீழைக்காற்று அடிக்கும் நாட்களில் அராயானில் அண்ணன் தம்பிகள் காரணமில்லாமல் அடித்துக்கொள்வார்கள். நாய்கள் வாசலுக்கு வராது.

பதினொரு நாளைக்கு முன், ஒரு சனிக்கிழமை, இதே மேடையிலிருந்து இதே கப்பலில் ஒடிலியா ரிக்கெல்மே என்ற இருபத்தாறு வயதுப் பெண் ஏறினாள். கடைத்தெருவுக்கு வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். வீடு ஏரியின் நடுக்கரையில், லாஸ் கீலாஸ் துறையில். அங்கே கணவர் எவாரிஸ்தோ மொந்தால்வா காத்திருந்தார். கண்ணுக்கெட்டிய காடும் மரமறுப்பு ஆலையும் அவருடையது. கப்பல் வந்தது. மனைவி இறங்கவில்லை. அவரே முதலில் தாவி ஏறித் தேடினார். பின்தளத்து பெஞ்சில் அவளுடைய வெள்ளைக் கம்பளிக் கோட் மட்டும் மடித்தபடி இருந்தது. நான்கு நாள் ஏரியை வலைபோட்டு அரித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"செத்திருந்தா எனக்குப் பொணம் வேணும்," என்று மொந்தால்வா நேற்று முன்தினம் உருத்தியாவிடம் சொன்னார். "உயிரோட இருந்தா அவ வேணும். ரெண்டுல ஒண்ணு கொண்டு வாங்க."

சொல்லிக்கொண்டே கோப்பையில் சர்க்கரையைக் கலக்கினார். கரண்டி ஒரு தடவைகூடக் கோப்பையில் படவில்லை. அந்தச் சத்தமின்மையை உருத்தியாவால் இன்னும் மறக்க முடியவில்லை.

"காலையில அவருக்குத் தந்தி குடுத்தீங்களே, என்னன்னு?" என்றாள் சுனில்டா.

"‘கோட் பொய் சொல்கிறது. இன்று கப்பலில் விடை கிடைக்கும். பன்னிரண்டு மணிக்கு லாஸ் கீலாஸ் துறையில் இருக்கவும்.’"

"கோட் பேசுச்சா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"கப்பல் கிளம்பினதும் பின்தளத்து பெஞ்சுல போய் கால் மணி நேரம் உக்காரு. அந்த வெள்ளைத் தொப்பியைக் கழட்டாதே. அப்புறம் சொல்றேன்."

*

கால் மணி கழித்து அவள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எள்ளைத் தூவியது போல அதன் மேல் முழுக்கக் கரித்துகள்.

"பாஸ்! இது புதுத் தொப்பி!"

"விறகு எரிக்கற கப்பல். நாம போறது கிழக்கே. காத்து வர்றதும் கிழக்கேருந்து. புகையெல்லாம் எங்கே போகும்?"

"என் தலைக்கு."

"பின்தளத்துக்கு. அந்தச் சனிக்கிழமையும் இதே காத்துதான். துறைக்காவலரைக் கேட்டாச்சு. ரெண்டு மணி நேரம் அந்த பெஞ்சுல கிடந்த வெள்ளைக் கோட் எப்படி இருக்கணும்? நான் மொந்தால்வா வீட்டுல விரிச்சுப் பாத்தேன். அப்பதான் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்துச்சு. கரி ஒரு பொட்டுகூட இல்ல."

சுனில்டா தொப்பியைத் தட்டினாள். தட்டிய இடமெல்லாம் கறுப்புக் கோடு இழுத்தது. தட்டித் துடைத்துவிட முடியாது என்பது அவளுக்கே புரிந்துவிட்டது.

"அப்ப அந்தக் கோட் அங்க இருந்ததே இல்ல. கரை கிட்ட வர்றப்ப யாரோ கொண்டாந்து வெச்சிருக்காங்க!"

"யாருன்னு கேக்கத்தான் வந்திருக்கோம். நீ கேளு. டிக்கெட்காரங்க பாஷை உனக்குத்தான் தெரியும்."

அவள் முதலில் டிக்கெட் கிழிப்பவனிடம் போனாள்.

"அந்த அம்மாவா? பின்னாடி பெஞ்சுல உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பாவம்," என்றான் அவன்.

சாப்பாட்டு அறையில் ஆப்பிள் கேக் பரிமாறிய பணியாளிடம் கேட்டாள்.

"பின்னாடி பெஞ்சுல உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பாவம்."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த மாலுமியிடம் கேட்டாள். அவனும் தண்ணீர், பெஞ்ச், பாவம் என்றுதான் சொன்னான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

"மூணு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சிருக்காங்க பாஸ்," என்றாள் திரும்பி வந்து. "வாத்தியார் நல்லவர்தான். ‘பாவம்’னு சொல்றப்ப மூணு பேரும் ஒரே மாதிரி தலையை ஆட்டறாங்க."

உருத்தியாவின் கண் வேறெங்கோ இருந்தது. தாங்கள் நிற்குமிடமெல்லாம் பத்தடி தள்ளி ஒரு மாலுமி நிற்பதைச் சற்று நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். வேறு பயணிகள் என்று ஒரு கம்பளி வியாபாரியும், கோழிக்கூடையோடு இரண்டு பெண்களும்தான். கரை தொலைவில் பச்சைக் கோடாகிவிட்டது. கீழே எஞ்சினின் பிஸ்டன்கள் பெரிய மிருகம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கின.

"இந்தக் கப்பல்ல கேக் சுமார்தான். ஆனா தையக்காரன் பிரமாதம்," என்றாள் சுனில்டா. "அந்தப் பணியாள் ஏப்ரன்ல பாக்கெட் கிழிஞ்சதை எப்படித் தைச்சிருக்கான் தெரியுமா? கோதுமைக் கதிர் மாதிரி!"

உருத்தியா சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

"என்ன சொன்னே?"

"கேக் சுமார்னு..."

"தையல்!"

ஒடிலியாவின் கோட்டில் கைக்குழிக்கு அடியில் உள்துணி கிழிந்து, அதைக் கோதுமைக் கதிர் போலக் கோத்துத் தைத்திருந்தது. ‘கன்னியர் மடத்துல எஜமானியம்மா கத்துக்கிட்ட தையல் அது, இந்தப் பக்கத்துல வேற யாருக்கும் வராது’ என்று வீட்டு வேலைக்காரி சொல்லியிருந்தாள்.

"ஏப்ரனை அவ எப்பவோ தைச்சுக் குடுத்திருக்கலாமே பாஸ். வாராவாரம் இந்தக் கப்பல்ல வந்தவதானே?"

உருத்தியா நிமிர்ந்து பார்த்தார். பின்தளத்துக் கம்பத்தில் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த கொடி, நடுவில் மேலிருந்து கீழாகத் தைக்கப்பட்டிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்து அருகில் பார்த்தார். கதிர் கதிராகத் தையல்.

கம்பளி வியாபாரியிடம் போனார். "இந்தக் கொடி எப்ப கிழிஞ்சுதுன்னு தெரியுமா?"

"போன வியாழக்கிழமைங்க," என்றார் வியாபாரி. "நான்தான் கப்பல்ல இருந்தேனே! காத்துல ரெண்டாக் கிழிஞ்சு என் தலையில வந்து விழுந்துச்சு. ஏன் கேக்கறீங்க?"

"நல்லாத் தைச்சிருக்காங்க. அதான்."

சுனில்டா விரல் விட்டு எண்ணினாள்.

"வியாழன்னா ஆறு நாள் ஆச்சு. அவ காணாமப் போய்ப் பதினொரு நாள்."

"குதிக்கவும் இல்ல, இறங்கவும் இல்ல," என்றார் உருத்தியா தாழ்ந்த குரலில். "இன்னும் இந்தக் கப்பல்லதான் இருக்கா."

*

சமையலறைக்குப் போகும் இரும்புப் படிகள் எஞ்சின் அறையை ஒட்டி இறங்கின. உருத்தியா முன்னால், சுனில்டா பின்னால். கடைசிப் படியில் காலை வைத்ததும் மேலே கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

விறகு தள்ளும் இருவரும் கரி அப்பிய முகத்தோடு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் நீளமான இரும்புக் கொக்கி. கொதிகலனின் வாய் திறந்திருந்தது. அதன் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு பெரிய உருவம் முன்னால் வந்தது. கேப்டன் பல்தாசார் ஓயார்சூன். நரைத்த தாடி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் உருத்தியாவை.

"தெரியாது."

"இந்த இடத்துல ஆழம் முந்நூறு மீட்டர். விழுந்தா எடுக்க முடியாது. எடுக்கணும்னு யாரும் தேடவும் மாட்டாங்க."

"எனக்கு நீச்சல் தெரியும்," என்றாள் சுனில்டா. "ஆனா இவரைத் தூக்கிக்கிட்டு நீந்தற அளவுக்குச் சம்பளம் தர்றதில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"அவளைக் கொன்னுட்டீங்கன்னு நான் நினைச்சேன், கேப்டன்," என்றார் உருத்தியா. "கொன்னவங்க கொடி தைக்க விடமாட்டாங்க. அவளை என்ன பண்ணப் போறீங்க? பணம் கேக்கவா?"

கேப்டனின் முகம் மாறியது. அடிக்க வருகிறாரோ என்று சுனில்டா ஒரு அடி பின்வாங்கினாள். அவர் வந்து விறகுக்கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மொந்தால்வாவுக்கு இது ரெண்டாவது சம்சாரம். அது தெரியுமா உங்களுக்கு?"

"முதல் மனைவி ஏரியில தவறி விழுந்து செத்ததாச் சொன்னார்."

"டெல்ஃபினா. நாலு வருஷம் முன்னாடி ஒருநாள் இந்தக் கப்பல்ல ஏறி, என் அறையில வந்து கதவைச் சாத்திக்கிட்டு, என் காலைப் பிடிச்சு அழுதுச்சு. ‘என்னை அங்க இறக்கிவிடாதீங்க, ஏரிக்கு அந்தக் கடைசியில அர்ஜென்டினா எல்லை வரைக்கும் கொண்டுபோயிடுங்க’ன்னு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கென்னன்னு லாஸ் கீலாஸ்ல கையைப் பிடிச்சு நானே இறக்கி, அவன்கிட்ட ஒப்படைச்சேன். அது முகத்தைப் பாக்க முடியல. காலையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு மாசத்துல கோரைக்குள்ள பொணமாக் கிடந்துச்சு."

கொக்கி வைத்திருந்தவன் அதைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"அந்தச் சனிக்கிழமை இந்தப் பொண்ணு வந்து அதே மாதிரி என் கதவைத் தட்டுச்சு," என்றார் கேப்டன். "இந்தத் தடவை நான் ஒப்படைக்கல. எல்லையில இறக்கிவிடப் பாத்தோம். அவ போட்டோவை அங்க அன்னிக்கே ஒட்டிட்டான் அந்த ஆளு. அவ செத்துட்டான்னு அவனை நம்ப வெச்சாத்தான் போட்டோவை எடுப்பாங்க. அதுவரைக்கும் இங்கதான்."

சமையலறைத் திரை விலகியது. ஒல்லியான பெண். தலையில் மாவு அப்பிய துணி. மணிக்கட்டில் பழைய காயம் மஞ்சளாகத் தெரிந்தது.

"கோட்டைக் கடைசி நிமிஷத்துல வெச்சது என் தப்பு," என்றாள் ஒடிலியா. "குளிருச்சு. கழட்ட மனசு வரல." பிறகு உருத்தியாவை நேராகப் பார்த்தாள். "நீங்க கண்டுபிடிச்சதை அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

உருத்தியா கடிகாரத்தைப் பார்த்தார்.

"தந்தி குடுத்தேன்," என்றார். "பன்னிரண்டு மணிக்குத் துறையில நிக்கச் சொல்லி."

மேலே கப்பல் நீளமாக ஊதியது. லாஸ் கீலாஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் என்று அர்த்தம்.

ஒடிலியா கத்தவில்லை, அழவில்லை. "நான் ஏன் ஓடினேன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

*

துறையில் மொந்தால்வா நின்றிருந்தார். கறுப்புத் தொப்பி, பளபளக்கும் சவாரி பூட்ஸ். பக்கத்தில் ஆலை மேஸ்திரிகள் இருவர், தோளில் துப்பாக்கியோடு. பலகை போடும்வரை காத்திருக்காமல் மூவரும் கப்பலுக்குள் தாவினார்கள்.

"விடை கிடைச்சுதா?" என்றார் மொந்தால்வா.

"கிடைச்சுது."

"எங்கே?" பதிலுக்குக் காத்திராமல் மேஸ்திரிகளுக்குக் கண் காட்டினார். ஒருவன் கீழே இறங்கினான். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தமும், சமையல்காரக் கிழவனின் வசவும் கேட்டன. பிறகு எஞ்சின் அறை. விறகுகள் சரியும் சத்தம். அந்த விறகு அடுக்குக்குப் பின்னால்தான் ஒடிலியா மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தாள்.

இரண்டாவது விறகுக்கட்டு சரிந்தது.

"தோன் எவாரிஸ்தோ!" மொந்தால்வாவை மரியாதையோடு விளித்த உருத்தியாவின் குரல் தளம் முழுக்கக் கேட்டது. கோழிக்கூடைப் பெண்கள் திரும்பினார்கள். கம்பளி வியாபாரி எழுந்து வந்தார். "அந்தக் கோட்ல கரி இல்ல. ரெண்டு மணி நேரம் பெஞ்சுல இருந்திருந்தா கறுத்துப் போயிருக்கும். கப்பல் கரைக்கு வந்தப்புறம்தான் அதை அங்க வெச்சிருக்காங்க. கப்பல் கரைக்கு வந்ததும் முதல்ல ஏறினது யாரு?"

மொந்தால்வா கண்ணைச் சுருக்கினார். "நான்."

"பலகை போடறதுக்கு முன்னாடியே தாவி ஏறினீங்க. இப்ப ஏறின மாதிரியே. நேரா பின்தளத்துக்குப் போனீங்க. கோட்டைக் கையில தூக்கிக்கிட்டுக் கத்தினீங்க. அது பெஞ்சுல இருந்ததை உங்களைத் தவிர யாரு பாத்தாங்க?"

சுனில்டா டிக்கெட்காரன் பக்கம் திரும்பி, டிராமில் கேட்கிற அதே அதட்டலில் கேட்டாள்: "ஏய், நீ பாத்தியா?"

டிக்கெட்காரன் எச்சில் விழுங்கினான். "தோன் எவாரிஸ்தோ ஏறினப்புறம்தான் கோட்டைப் பாத்தேன். முன்னாடி இல்ல."

"நீ?"

"தோன் எவாரிஸ்தோ ஏறினப்புறம்தான் பாத்தேன். முன்னாடி இல்ல," என்றான் பணியாள்.

கயிறு சுற்றும் மாலுமியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவனாகவே அதே வரியைச் சொல்லி, அதே மாதிரித் தலையை ஆட்டினான்.

"வாடா மேல!" என்று கீழே பார்த்துக் கத்தினார் மொந்தால்வா. விறகு சரிவது நின்றது. மேஸ்திரி கரிக்கையோடு படியேறி வந்தான்.

"என்ன சொல்ல வர்றே நீ?" மொந்தால்வாவின் பேச்சில் மரியாதை போய்விட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல. ஓசோர்னோவுல இருக்கற நீதிபதி சொல்வார். ஒரு மனைவி ஏரியில போனா விபத்து. ரெண்டாவதும் அதே ஏரியில போனா, அவ கோட்டோட புருஷன் மட்டும் நின்னா, அதுக்கு வேற பேரு." உருத்தியா குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா, எனக்குக் கண்ணு மங்கிடுச்சு, கரியைக் கவனிக்கலன்னு வெச்சுக்கலாம். அந்த அம்மா மனசு சரியில்லாம தண்ணியில விழுந்துட்டாங்க. அப்படியும் அறிக்கை எழுதலாம்."

மொந்தால்வா அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. மரம் வெட்டுகிறவன், எந்தப் பக்கம் சாயும் என்று மரத்தைப் பார்க்கிற பார்வை.

"அவ செத்துட்டான்னு எழுது."

"எழுதறேன். ஆனா செத்தவ போட்டோ எல்லையில எதுக்கு? உயிரோட இருக்கான்னு நினைக்கறவன்தான் தேடுவான். அதை எடுக்கச் சொல்லி உங்க கையால ஒரு வரி குடுங்க. கப்பல் இப்ப அங்கதான் போகுது."

மொந்தால்வா பாக்கெட் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தார். இறங்கும்போது மெல்லச் சொன்னார்:

"ஏரிப்பக்கம் அதிகமா வராதே. உனக்குத் தண்ணி ஆகாதுன்னு மூஞ்சியிலயே தெரியுது."

*

கப்பல் நடு ஏரிக்கு வந்த பிறகுதான் உருத்தியா உட்கார்ந்தார். சுனில்டா அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"பாஸ், ஒரே துப்பை வெச்சு ரெண்டு கேஸ் முடிச்ச முதல் ஆள் நீங்கதான். ஒண்ணு நிஜம், ஒண்ணு பொய்."

"எது பொய்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒடிலியா. கையில் ஒரு மாவுப் பை. மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு ஜோடி பெண்கள் காலணி. பழுப்புத் தோல், பக்கவாட்டில் பச்சை நாடா.

"இதைக் கப்பல்காரங்களுக்குக்கூடக் காட்டல," என்றாள். "அவருக்கு எதிரா ஒருத்தராவது வாயைத் திறக்கட்டும்னு காத்திருந்தேன். இன்னிக்கு நீங்க திறந்தீங்க. ஒரு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி அவர் துப்பாக்கி அலமாரியிலேருந்து இதை எடுத்துக்கிட்டு வந்து, என் கால்ல மாட்டிவிட்டார். ‘உனக்கும் சரியா இருக்கே’ன்னு சொல்லிச் சிரிச்சார். மறுநாள் வேலைக்காரி இதைப் பாத்துட்டுத் தட்டை நழுவவிட்டா. ஓடி வந்தப்ப இதை ஒளிச்சு எடுத்துக்கிட்டு வந்தேன்."

கேப்டன் வாசலில் வந்து நின்றார். காலணியைப் பார்த்ததும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்ஃபினாவோடது," என்றார். "அன்னிக்கு இறங்கறப்ப இதைத்தான் போட்டிருந்துச்சு. இந்தப் பச்சை நாடாவை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"பொணம் கிடைச்சப்ப கால்ல காலணி இருந்ததா?" என்று கேட்டார் உருத்தியா.

"வெறுங்கால். பச்சை நாடா வெச்ச காலணியோட வழுக்கி விழுந்துட்டா, அது ஏரியோட போயிடுச்சுன்னு அந்த ஆளு விசாரணையில சத்தியம் பண்ணினான். நான் அங்க உக்காந்து கேட்டேன்."

உருத்தியா ஒரு காலணியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தோலில் சுருக்கமில்லை, வெள்ளை பூக்கவில்லை. தையல் இடுக்கில் மரத்தூள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது தண்ணியையே பாத்ததில்ல," என்றார் மெதுவாக.

மலைகள் நெருங்கி வந்து ஏரியை இரண்டு பக்கமும் அழுத்தின. ‘எல் பாசோ’ எல்லைத்துறை தெரிந்தது. ஒரு மரக்குடிசை, ஒரு கொடி, அர்ஜென்டினா போகும் பழைய பஸ். உருத்தியா தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காவலர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சுவரிலிருந்த போட்டோவை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அவ்வளவுதான். இப்போது உலகத்துக்கு ஒடிலியா இறந்தவள். யாரும் தேடமாட்டார்கள்.

திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மறைக்காம சொல்றேன். அந்த பஸ்ல ஏறினா பொழைச்சீங்க. காலணியை நான் கொண்டுபோறேன். ஆனா, இது எங்கேருந்து வந்துச்சுன்னு நீதிபதி கேட்பார். பதில் சொல்ல ஆள் வேணும். செத்தவங்க சாட்சி சொல்ல முடியாது."

"நான் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடும். நான் இருக்கறது."

"தெரிஞ்சிடும்."

"நான் கூட வருவேன்," என்றார் கேப்டன். "நாலு வருஷமாச் சொல்லாததைச் சொல்வேன்."

"நானும் வருவேன்," என்றாள் சுனில்டா. "தொப்பிக்கு நியாயம் கேக்கணும்."

ஒடிலியாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் போய்விட்டது. ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். கோழிக்கூடைப் பெண்கள் ஏறினார்கள். கம்பளி வியாபாரி ஏறினார். டிரைவர் இன்னொரு தடவை அடித்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று கப்பல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். கதவு வரை போனாள். அங்கேயே நின்றாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பி, மலை வளைவில் திரும்பி மறைகிறவரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுனில்டா வாயைத் திறக்கவே இல்லை.

பிறகு ஒடிலியா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலையில் கட்டியிருந்த மாவுத்துணியை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்தாள்.

"பேனா இருக்கா?"

உருத்தியா எடுத்தார்.

"எழுதிக்குங்க," என்றாள். "என் பேரு ஒடிலியா ரிக்கெல்மே. நான் சாகல."